ஒரு பாய் எப்படி நிலத்துக்குச் சாட்சியாகிறது?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங்கிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுவது செம்பனைதான். அதற்கு முன் அங்கே பால்மரம் (ரப்பர்) இருந்தது. அதற்கும் முன் இருந்தது காடு. லங்காட் ஆற்றுப் பாலம் கடந்து கேரித்தீவுக்குப் போனால், தோட்டத்துக்கு நடுவே மா மெரி என்னும் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. வடக்கே தெலுக் பங்லிமா காராங் தாண்டினால் தெமுவான் என்னும் இன்னொரு பூர்வகுடியின் கிராமங்கள். இந்த ஊர்க்காரர்கள் பலருக்கு அவர்கள் சந்தையில் பார்த்த முகங்கள், பள்ளியில் உடன் படித்த பிள்ளைகள், அதற்கு மேல் அதிகம் தெரியாதவர்கள்.

அண்மை ஆண்டுகளாக இந்தக் கிராமங்களைப் பற்றிய செய்திகளில் மூன்று விஷயங்கள் ஒன்றாகவே வருகின்றன: காடு, கைவினை, பெண்கள். பாய் முடையும் பயிலரங்கு, சுவரோவியம், முகமூடி ஆட்டம் என்று ஒரு பக்கம். வனப் பாதுகாப்பு, பெண் சமத்துவம் என்ற முழக்கம் இன்னொரு பக்கம். இதைப் படிக்கிறவர்களுக்கு எழும் கேள்வி நியாயமானது. காட்டைக் காப்பாற்ற வழக்குப் போடலாம், மனுக் கொடுக்கலாம். பாய் முடைந்தால் புல்டோசர் நின்றுவிடுமா?

நிற்காது. ஆனால் அந்தப் புல்டோசர் வந்தது சரியா என்று பின்னர் நீதிமன்றத்தில் கேட்கப்படும்போது, அந்தப் பாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ளச் சில சொற்களிலிருந்தும் ஒரு பழைய சட்டத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

முதலில் சொற்கள்

1. ஓராங் அஸ்லி: மலாய் மொழியில் ஆதி மனிதர் என்று பொருள். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளை மட்டுமே குறிக்கும். சபா, சரவாக் பூர்வகுடிகள் இதில் சேரமாட்டார்கள். நெகிரித்தோ, செனோய், ஆதி மலாய் என்ற மூன்று பெரும் பிரிவுகளில் 18 இனக்குழுக்களாக அரசு இவர்களைப் பகுத்திருக்கிறது. மா மெரி செனோய் பிரிவில் வருகிறார்கள்; தெமுவான் ஆதி மலாய்ப் பிரிவில். காலனி ஆட்சிக்கால ஏடுகளில் இவர்களைக் குறித்த 'சக்காய்' என்ற சொல் அடிமை, அண்டிப் பிழைப்பவன் என்ற பொருள் கொண்ட வசைச்சொல். இன்றும் சில பெரியவர்கள் யோசிக்காமல் சொல்வதுண்டு. தமிழரான நம்மைக் குறிக்க இந்நாட்டில் வழங்கிய வசைச்சொல் காதில் விழும்போது எப்படிச் சுடுகிறதோ, அதே சூடு இதிலும் உண்டு.

2. வனக் காப்பகம்: மாநில அரசு அரசிதழில் அறிவித்து ஒதுக்கிய காடு. அறிவித்த அரசே அந்தத் தகுதியை நீக்கவும் முடியும்.

3. மரபு நிலம்: பட்டா இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் தன் வழக்கப்படி வாழ்ந்து, பயன்படுத்தி, எல்லை அறிந்து வைத்திருக்கும் நிலம்.

4. சமூகக் கலை: ஒரு தனி ஓவியர் தம் அறையில் வரைந்து விற்பது இதில் வராது. ஒரு ஊரே சேர்ந்து, தனக்குத் தெரிந்த கைவேலையைக் கொண்டு, தன் நிலைமையைச் சொல்வது. பாய், கூடை, மரச்சிற்பம், ஆட்டம், சுவரோவியம், கையால் வரைந்த ஊர் வரைபடம் எல்லாம் இதில் அடங்கும்.

நிலம் யார் கையில்?

மலேசிய அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநில அதிகாரம். ஓராங் அஸ்லி மக்களின் நலன் கூட்டரசு அதிகாரம். ஆளைக் கவனிப்பது ஒருவர், அவர் நிற்கும் தரையை வைத்திருப்பது இன்னொருவர். பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 2019 ஜனவரியில் கிளந்தானின் தெமியார் மக்களுக்காகக் கூட்டரசே ஒரு மாநில அரசின் மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது இதனால்தான்.

அடுத்தது, 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம். மலாயாவின் அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுப் போராளிகளின் செல்வாக்கிலிருந்து இம்மக்களை விலக்கிவைக்கும் நோக்கமும் கலந்து பிறந்த சட்டம் அது. அதன்படி மாநில அரசு ஒரு பகுதியைப் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கலாம். பின்னர் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அங்கே வாழ்பவர்களுக்குத் தரப்படுவது அரசு விரும்பும் வரை குடியிருக்கும் நிலை மட்டுமே. நிலத்தை எடுத்துக்கொண்டால், நட்டு வளர்த்த பழமரங்களுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது; மண்ணுக்குத் தரவேண்டும் என்று அப்படிச் சொல்லவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலைமையைப் புரிய வைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. வேலை இருக்கும் வரை லயன் வீடு. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தால், மூன்று தலைமுறை வாழ்ந்த வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும். கோயிலுக்கும் பட்டா கிடையாது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. தோட்டத் தமிழரின் கோரிக்கை உழைப்பிலிருந்து வருவது. ஓராங் அஸ்லி மக்களின் கோரிக்கை, தோட்டம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்ததிலிருந்து வருவது. பால்மரம் நடக் காடு அழிக்கப்பட்டபோது, அதை வெட்டிய கைகளில் நம் தாத்தாக்களின் கைகளும் இருந்தன. இரண்டு துயரங்களையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் இரண்டுமே தெளிவாகத் தெரியாமல் போய்விடும்.

டிங்கில் வழக்கு

பந்திங்கிலிருந்து அதிக தூரமில்லாத டிங்கிலில் புக்கிட் தம்போய் என்றொரு தெமுவான் கிராமம் இருக்கிறது. 1990களின் நடுவில், புதிய பன்னாட்டு விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக அங்கே சுமார் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் பணம் தரப்பட்டது, நிலத்துக்குத் தரப்படவில்லை. கிராமத்தவர் எழுவர் வழக்குத் தொடுத்தார்கள். சாகோங் தாசி வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்று படிப்பது அதைத்தான்.

2002இல் உயர் நீதிமன்றம், மரபு நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு, அந்த மண்ணுக்கே இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2010இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டுடன் வழக்கு சமரசமாக முடிந்தது.

இந்தக் கட்டுரைக்குத் தேவையானது தொகை அல்ல, நீதிமன்றம் எதைச் சாட்சியமாகப் பார்த்தது என்பது. அந்தக் கிராமத்தவர் காட்டில் அலைந்து உணவு தேடும் வாழ்க்கையில் அப்போது இல்லை. செம்பனை நட்டிருந்தார்கள், வெளியே வேலைக்குப் போனார்கள். அப்படியிருந்தும் தெமுவான் மொழியும் வழக்கங்களும் அவர்களிடம் தொடர்கின்றன, அந்த இடத்தில் இடைவிடாமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பட்டா இல்லாதவருக்குப் பட்டாவின் இடத்தில் நிற்பது பண்பாடு. யார் எந்த இலையை எங்கிருந்து எடுத்தார், அந்த இடத்துக்கு என்ன பெயர், அந்த உருவத்துக்கு எந்த மூதாதையின் கதை என்பதெல்லாம் கேட்பதற்கு நாட்டுப்புறவியல் போலிருக்கும். நில வழக்கில் அதுவே ஆதாரம்.

'ஆண் வழி' என்ற சிறு சொல்

பெண் சமத்துவம் எங்கிருந்து இதற்குள் வந்தது என்று கேட்பவர்கள், அதே 1954 சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். யார் பூர்வகுடி என்று வரையறுக்கும் பிரிவு அது. அதன் சாரம் இது:

1. தந்தை பூர்வகுடி இனத்தவராக இருந்து, பூர்வகுடி மொழி பேசி, அந்த வாழ்க்கைமுறையையும் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பின்பற்றுபவர் பூர்வகுடி. அவருடைய ஆண் வழி வாரிசுகளும் பூர்வகுடிகள்.

2. பூர்வகுடிகளால் சிறு வயதில் தத்தெடுக்கப்பட்டு, அவ்வாறே வளர்ந்து, அச்சமூகத்தில் வாழ்பவரும் பூர்வகுடி.

3. தாய் பூர்வகுடி, தந்தை வேற்றினத்தவர் என்றால், அந்தப் பிள்ளை பூர்வகுடி மொழி பேசி, வாழ்க்கைமுறையையும் வழக்கங்களையும் பின்பற்றி, அந்தச் சமூகத்திலேயே தொடர்ந்து இருந்தால் மட்டுமே பூர்வகுடி.

மூன்றாவதை முதலாவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தை வழி வந்தவரின் வாரிசு என்றால் அந்தத் தொடர்ச்சியே அவரைச் சேர்த்துக்கொள்கிறது. தாய் வழி வந்த பிள்ளை மொழியாலும் வழக்கத்தாலும் தன்னை நிரூபிக்க வேண்டும். அந்த மொழியையும் வழக்கத்தையும் பிள்ளைக்குச் சொல்லித் தருபவர் பெரும்பாலும் யார்? தாயும் பாட்டியும். இரத்தத்தால் உரிமையைக் கடத்த முடியாத பெண், கைவேலையாலும் பேச்சாலும் கடத்த வேண்டியிருக்கிறது. காடு, பண்பாடு, பெண் மூன்றும் ஒரே சட்டப் பிரிவுக்குள் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன; முழக்கம் எழுதியவர்கள் வலிந்து சேர்த்தவை அல்ல.

மலேசியா 1995இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இணைந்தது. 2001இல் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் பாலினமும் சேர்க்கப்பட்டது. 1954 சட்டத்தின் வரையறையோ அப்படியே இருக்கிறது.

பாய்க்குள் என்ன இருக்கிறது?

மா மெரி, தெமுவான் பெண்கள் முடையும் பாய்க்கு மூலப்பொருள் மெங்குவாங் என்னும் நீண்ட இலை. நம்முடைய தாழைக்கு நெருங்கிய உறவு. தாழம்பூ சூடியவர்களுக்கும் தாழம்பாயில் படுத்தவர்களுக்கும் இந்தச் செடி அந்நியமானதல்ல. ஈர நிலத்தில் நன்றாக வளரும்.

இலையின் விளிம்பெங்கும் முள். முதலில் முள்ளை அரிந்தெடுக்க வேண்டும். பிறகு அனலில் வாட்டி, பல் வைத்த கருவியால் ஒரே அகலத்தில் நாரிட்டு, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, மழித்து மென்மையாக்கி, சாயமேற்றி, அதன் பிறகுதான் முடைய உட்காரலாம். சந்தையில் பாயை விரித்துப் பார்த்து விலை பேரம் பேசுபவர் முடைதலை மட்டுமே வேலையாக எண்ணுகிறார். பெரும்பாடு முடைவதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும்.

எந்த வயது இலை நார் தாங்கும், எந்த ஈரத்தில் விளைந்தது வெளுக்கும், மழைக்காலத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்ற அறிவு எந்த அரசிதழிலும் இல்லை. அது கையில் இருக்கிறது. வாசலில் கோலம் போடும் பெண்ணிடம் புள்ளிக் கணக்கை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார் அல்லவா, அதுபோலத்தான்.

மா மெரி ஆண்களின் மரச்சிற்பமும் முகமூடியும் வெளியுலகுக்கு அதிகம் தெரிந்தவை. அதற்கு அவர்கள் விரும்பும் மரம் நீரே பத்து. கடலோர அலையாத்திக் காட்டில் வளர்வது. கடலோரம் அழிய அழிய மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஜோ-ஓ ஆட்டத்தில் ஆண்கள் அந்த முகமூடியை அணிய, பெண்கள் இலையால் செய்த ஆடை அணிகளோடு ஒரு மண்மேட்டைச் சுற்றி ஆடுவார்கள். ஆண்டுதோறும் வரும் மூதாதையர் நாளில் அந்த ஆட்டத்துக்குத் தனி மரியாதை உண்டு. சிலைக்கு மரம் அலையாத்தியிலிருந்து, ஆடைக்கு ஓலை நீப்பா பனையிலிருந்தும் மெங்குவாங்கிலிருந்தும். மேடையில் பத்து நிமிடம் ஆடிக் காட்டினாலும் அதற்குப் பின்னால் மூன்று வகை நிலம் உயிரோடு இருக்க வேண்டும்.

குவாலா லங்காட் வட வனம், 2020–2021

இந்த வட்டாரத்தில் எல்லாம் ஒன்றாக மோதியது இங்கேதான். குவாலா லங்காட் வட வனக் காப்பகம் ஒரு சதுப்புக்காடு. மட்கியும் மட்காத இலைதழைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் படிந்து உருவான பீட் மண் அது. நீர் நிற்கும் வரை பஞ்சுபோல வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரிமத்தைப் பூட்டி வைக்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து, சுருங்கி, தரை தாழ்ந்துவிடும். தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். ஜோஹான் செத்தியா பக்கம் ஆண்டுதோறும் கிளம்பும் புகையை நுகர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நிகழ்வுகளின் வரிசை:

1. 2020 பிப்ரவரியில், எஞ்சியிருந்த சுமார் 957 ஹெக்டரில் 930 ஹெக்டருக்கு, அதாவது 97 விழுக்காட்டுக்கு, காப்பகத் தகுதியை நீக்கும் யோசனை நாளிதழ் அறிவிப்பாக வெளிவந்தது. கலப்பு வளர்ச்சித் திட்டத்துக்காக என்று சொல்லப்பட்டது.

2. சிலாங்கூரில் ஒரு நல்ல விதி இருக்கிறது: காப்பகத் தகுதியை நீக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. சுற்றியுள்ள தெமுவான் கிராமங்கள் அதன் முன்வரிசையில் நின்றன.

3. 2021 ஆகஸ்டு இறுதியில், 536 ஹெக்டருக்கும் மேல் ஏற்கெனவே காப்பகத் தகுதி நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது.

4. எதிர்ப்பு வெடித்தது. 2021 செப்டம்பர் 8 அன்று மந்திரி பெசார் (மாநில அரசின் தலைவர்) அமிருடின் ஷாரி அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தார்.

இதில் கலையின் பங்கு என்ன? குவாலா லங்காட்டின் தெமுவான் கிராமத்தில் பிறந்த ஓவியர் ஷாக் கோயோக் இந்தக் காட்டுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். மெங்குவாங் பாயையே துணிச்சட்டமாகக் கொண்டு, அதன் மீது தம் மக்களின் முகங்களை வரைந்தவர். பாய் முடைவது பெண்களின் கை; அதன் மேல் முகம் வரைவது ஓவியரின் கை. பார்க்கிறவர் முகத்தைப் பார்க்கும்போதே, முகத்துக்கு அடியில் இலையையும் பார்த்தாக வேண்டும். ஹெக்டர் கணக்கு நாளிதழைத் தாண்டாது. அந்த முகம் மறக்காது.

இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். ஓவியம் காட்டை மீட்டது என்று சொல்வது, அறிவிப்பைப் படித்து, ஆட்சேபக் கடிதம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கிராமத்தவரையும் தன்னார்வலரையும் சட்டம் தெரிந்தவரையும் அவமதிப்பதாகும். கலை செய்தது வேறு: பந்திங் கடைத்தெருவில் நிற்பவருக்கும் கோலாலம்பூர் அலுவலகத்தில் இருப்பவருக்கும் அந்தக் காட்டில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. 'வெற்று நிலம்' என்று எழுதப்பட்ட கோப்பில் கையெழுத்திடுவது எளிது.

பெயர் எழுதிய சீட்டு

கேரித்தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பெண்கள் தொம்போக் தோப்போ என்ற பெயரில் முடைதல் குழுவாகச் செயல்படுகிறார்கள். ஓராங் அஸ்லி கைவினைகளை நகரங்களுக்குக் கொண்டுபோய் விற்கும் 'கெராய் ஓஏ' என்ற தன்னார்வக் கடை, விற்ற பணம் முழுவதையும் செய்தவரிடமே சேர்க்கிறது. பொருளோடு செய்தவர் பெயரையும் இணைக்கிறது.

பெயர்ச்சீட்டு சிறிய விஷயம்போலத் தெரியலாம். சிலை செதுக்கியவர் சிற்பி; அவர் பெயருக்கு ஒரு விலை உண்டு. பாய் முடைந்தவருக்குப் பெயரே இல்லை, பாய்க்கு அகல நீளம்தான் உண்டு. விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கெடுப்பு) ஓடி, பால் வெட்டி, வீடு திரும்பிச் சமைத்த நம் பாட்டிகள் குடும்ப வரலாற்றில் 'ஆயாவும் வேலைக்குப் போனார்' என்ற ஒரு வரியாகச் சுருங்கியதும் இந்தக் கணக்கில்தான். பெயர் எழுதப்பட்ட பொருள் ஒரு பெண்ணைச் சம்பாதிப்பவராகக் காட்டுகிறது. சம்பாதிப்பவர் ஊர்க்கூட்டத்தில் பேசினால் சற்று அதிகமாகக் காது கொடுக்கிறார்கள். வருத்தமான கணக்குதான், ஆனாலும் உண்மை. பாத்தின் எனப்படும் ஊர்த்தலைமை பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும் நிலையில், நில அளவைக்கோ இழப்பீட்டுப் பேச்சுக்கோ அதிகாரிகள் வரும்போது, இலை எங்கே விளைகிறது என்று தெரிந்தவர் பேச்சு நடக்கும் இடத்துக்கு வெளியே இருந்துவிடக் கூடாது.

எதைச் சந்தேகிக்க வேண்டும்?

பூர்வகுடிக் கலை என்ற பெயரில் நடப்பதெல்லாம் இதைச் செய்துவிடாது. அடுத்த முறை ஒரு சுவரோவியமோ கண்காட்சியோ கண்ணில் பட்டால் கேட்டுப் பார்க்க வேண்டியவை:

1. என்ன வரைவது என்று தீர்மானித்தது யார்? வெளியாட்கள் வந்து காண்டாமிருக இருவாட்சியையும் புலியையும் வரைந்துவிட்டு, கிராமத்துப் பிள்ளைகளை நிறம் தீட்ட மட்டும் விட்டால் அது வேறு.

2. செலவைத் தந்தது யார்? ஒரு கையால் காட்டை எடுத்து மறு கையால் ஓவியப்போட்டி நடத்துவது புதிதல்ல.

3. பணம் யார் கைக்குப் போகிறது? குழுத்தலைவர் கைக்கா, முடைந்தவர் கைக்கா?

4. உருவம் யாருடையது? 1987 பதிப்புரிமைச் சட்டம் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் பாதுகாக்கும். யார் முதலில் முடைந்தார் என்று தெரியாத, ஒரு சமூகத்துக்கே பொதுவான கோலத்தை அந்த ஏற்பாடு கண்டுகொள்ளாது. அதை ஒருவர் கைப்பையில் அச்சடித்து விற்றால் மா மெரி பெண்கள் எந்தச் சட்டத்தைக் கொண்டு தடுப்பார்கள்?

5. சடங்கு எது, காட்சி எது என்று யார் பிரிக்கிறார்கள்? மூதாதையருக்கான ஆட்டத்தைத் திறப்பு விழாவுக்கு வாடகைக்கு அழைக்கும்போது, இந்த முகமூடி இன்று வெளியே வராது என்று சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும். கரகத்தையும் காவடியையும் சுற்றுலா மேடையில் ஆடக் கேட்கும்போது நமக்கு நெருடுகிறதே, அந்த நெருடல்தான்.

குவாலா லங்காட் வட வனத்தின் ரத்து அறிவிப்பையும் இதே கண்ணோடு பார்க்கலாம். காப்பகத் தகுதி திரும்பினால் காடு மீண்டும் வனத்துறையின் பொறுப்புக்குள் வரும். காப்பகம் என்பது மரங்களுக்குத் தரப்படும் தகுதி. அதனால் தெமுவான் மக்களுக்கு நிலவுரிமை எதுவும் எழுதித் தரப்படுவதில்லை. இலை பறிக்கும் இடம் வரைபடத்தில் வனம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. பறிப்பவர்களின் பெயர் இப்போதைக்குப் பாயில் கட்டிய சீட்டில்தான் இருக்கிறது.